காலைப் பலூனும் என் மாப்பிள்ளையும்

என் சின்ன மகள் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்ற அன்று நான் கேட்ட முதல் கேள்வி, ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான்.

"பலூன் விடறாரும்மா."

"விக்கிறாரா?"

"விக்கலை, விடறாரு. வானிலை ஆபீஸ்ல."

"விட்டுட்டு?"

"விட்டுட்டு அது எங்க போகுதுன்னு பாப்பாரு."

"அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?"

நான் குத்தலாகக் கேட்டேன் என்று மகள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். குத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. தெரியாததைக் கேட்டேன். பெற்றவள் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரியா கேட்பாள்?

அந்தப் பலூன்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெரிய மனிதர் இல்லை. ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசத் தெரியாது, யாராவது பாராட்டினால் காது சிவந்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, ஆக இரண்டு வேளையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் வானிலை நிலையத்துக்குப் போய்விடுவார். மழையோ காய்ச்சலோ, போகாமல் இருந்ததில்லை. நிலையம் என்றால் என்னமோ என்று நினைத்துவிடாதீர்கள். விமான ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடம், உயரமான கதவு வைத்த ஒரு தகரக் கொட்டகை, நடுவில் புல் வெட்டின முற்றம், அதில் நாலு கால் வைத்த ஒரு வெள்ளைக் கூண்டு. கூண்டுக்குள் தெர்மாமீட்டர் இருக்கிறது. அவ்வளவுதான்.

கொட்டகையில் பலூனுக்கு வாயு பிடிப்பார். அந்த வாயு ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் நைலான் சட்டை போடக்கூடாது, உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது, செருப்பில் ஆணி இருக்கக்கூடாது. என் மகள் துணிக்கடையில் சட்டைத் துணியைக் கசக்கிப் பார்த்து, பருத்திதானா என்று மூன்று தடவை கேட்டு, கடைக்காரரை ஒருவழி பண்ணிவிட்டுத்தான் வாங்குவாள். பலூன் நிறைந்ததும் ஆளைவிட உயரமாக எழுந்து நிற்கும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார், காதை வைத்துக் கேட்பார்.

பலூனுக்குக் கீழே நீளக் கயிற்றில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். இரண்டு முட்டை கனம்தான் இருக்கும். அதிலிருந்து மெல்லிசாக ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல்தான் போகிற வழியெல்லாம் காற்றைத் தொட்டுப் பார்த்து, இங்கே இவ்வளவு சூடு, இங்கே இவ்வளவு ஈரம் என்று கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே போய்ப் பலூன் வெடித்துவிடும். பெட்டி எங்கேயாவது விழும். திரும்பி வராது.

இதெல்லாம் எதற்கு என்று நான் பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சமையலறைக்குள் வந்தார். மேடையில் மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தண்ணீர் நிறைந்த குண்டானைத் தூக்கி வைத்தார்.

"மாப்பிள்ளை, அது என் குண்டான்."

"விழாது அத்தை. இப்ப விழாது, அதான் விஷயமே. மேல கனம், கீழ லேசு. பாத்தா சும்மா நிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு பூனை உரசிக்கிட்டு ஓடினாப் போதும்."

"இந்த வீட்ல பூனை கிடையாது."

"வானத்துல உண்டு அத்தை."

பிறகு விளக்கினார். தரையை ஒட்டிய காற்று சூடாகி, ஈரமாகி, லேசாகிவிடுமாம். மேலே குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்குமாம். லேசானது மேலே ஏறப் பார்க்கும், கனமானது கீழே இறங்கப் பார்க்கும். அப்படிப்பட்ட நாளில் ஏதாவது ஒன்று லேசாக இடித்துவிட்டால் போதும், மொத்தமும் தலைகீழாகப் புரண்டு இடியும் மழையுமாக ஊரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். சில நாள் கனம் கீழே, லேசு மேலே. அன்றைக்கு யார் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு நாளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே மாதிரி நீலமாகத்தான் தெரியும். எந்த நாள் எது என்று தெரிய, ஏறிப்போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பலூன்.

சொன்ன வரைக்கும் சரி. குண்டானை இறக்கி வைக்கத்தான் மறந்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் இறக்கினேன்.

பலூன் சொல்வதெல்லாம் தலைநகரத்தில் பெரிய ஆபீஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது வானம் முழுவதையும் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறதாம். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைப் பார்த்து, உனக்கு எவ்வளவு சூடு, உன் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு, அடுத்த மணிக்கு நான் எப்படி இருப்பேன், நாளைக்கு எப்படி இருப்பேன் என்று கணக்குப் போடும். இதற்கு மாடல் என்று பேர். எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தால், தெருக்கோடிக்குப் போவதற்குள் அது வீடே பற்றி எரிந்த கதையாகிவிடும். முதல் வாய் என்ன சொன்னது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வட்டாரத்து வானத்துக்கு என் மாப்பிள்ளையின் பலூன்தான் முதல் வாய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

"இந்த மழைக்காலம் முழுக்க மாடலை ரெண்டு தடவை ஓட்டப் போறாங்களாம். ஒரு தடவை நம்ம பலூனோட, ஒரு தடவை நம்ம பலூன் இல்லாம."

"எதுக்கு?"

"ரெண்டும் ஒரே பதிலைச் சொன்னா நம்ம பலூன் தேவையில்லைன்னு அர்த்தம். நிறுத்திடுவாங்க. இப்பதான் மேலேர்ந்து சாட்டிலைட் பாக்குது, போற வர்ற விமானமெல்லாம் சொல்லுதே."

"நிறுத்திட்டா உங்களை?"

"தலைநகரத்துல மேஜை வேலை."

"நல்லதுதானே. நாலு பேர் மாதிரி விடிஞ்சப்புறம் எந்திரிக்கலாம்."

"எனக்குப் பலூன் விடத்தான் தெரியும்" என்றார். மகள் எழுந்து போய் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் வாய்தான் அப்படி. அவருக்கு அந்தப் பலூன் எவ்வளவு பெரிது என்று அவளுக்கும் தெரியும்.

மழைக்காலம் தொடங்கியது. அதோடு தலைவலியும் தொடங்கியது. போனில் வரும் வானிலை அறிக்கையில் மத்தியானம் இடி மழை என்று இருக்கும். மத்தியானம் வெயில் பல்லைக் காட்டும். இது ஒரு நாள் இல்லை, அடிக்கடி நடந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே சலவைக்கடை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும், மொட்டை மாடியில் காயும். சலவைக்கடைக்காரருக்கு வாய் நீளம்.

"என்ன பலூன்காரரே, இடிக்கும்னு சொன்னீங்கன்னு அத்தனை விரிப்பையும் ஈரத்தோட உள்ளயே வச்சிருக்கேன். வாடை தாங்கலை. எங்க உங்க இடி?"

"மன்னிச்சுக்குங்க."

"நீங்க ஏன் மன்னிப்புக் கேக்குறீங்க? வராதது மேகம்தானே? அதைக் கேக்கச் சொல்லுங்க."

பாதி மழைக்காலம் போனபோது பெரிய ஆபீஸிலிருந்து போன் வந்தது. பலூன் இல்லாமல் ஓட்டிய மாடல் சரியாகச் சொல்கிறதாம். பலூனோடு ஓட்டியதுதான் இல்லாத இடியை எல்லாம் சொல்கிறதாம்.

அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தேவையில்லைன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன் அத்தை. என் பலூன் கெடுக்குதுன்னு சொல்றாங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்ல கோளாறு இருக்கும்."

"அதுக்கு என்ன தெரியும் அத்தை? சொன்னதை வச்சுக் கணக்குப் போடுது."

"அப்ப கணக்கு வரலை அதுக்கு."

சிரித்தார். சிரித்தாரே தவிர, விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வேலையில் இரட்டிப்புக் கவனம். கயிற்றை அளந்தார், வாயுவை அளந்தார், பெட்டியைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டார். பொய் இடி இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் மாடலைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரே நேரில் வந்தார். கட்டை முடி வெட்டிய, கண்ணாடி போட்ட ஒரு பெண். எங்கள் வீட்டில் அவருக்குக் கணக்கம்மா என்று பேர். கொட்டகை, வாயு, கயிறு, கூண்டு எல்லாவற்றையும் குடைந்து பார்த்தார். விடுவதற்கு முன்னால் பெட்டியை முற்றத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, அதன் விரல் காட்டும் சூடும் கூண்டுத் தெர்மாமீட்டர் காட்டும் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பது முறை. அதையும் கூடவே நின்று பார்த்தார். ஒன்றாகத்தான் இருந்தது. எல்லாம் சரி. அப்புறம் எங்கே தப்பு?

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்காரும் மீசைக்காரர். என் மாப்பிள்ளையின் கூட்டாளி.

ஒத்துப் பார்த்த பிறகு உடனே பலூனை விட்டுவிட முடியாது. பக்கத்தில் ஓடுபாதை இருப்பதால், விமானம் எதுவும் வரவில்லை, விடலாம் என்று அங்கிருந்து போனில் அனுமதி வர வேண்டும். மீசைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் திரையை யாரும் பார்ப்பதில்லை. பெட்டிதான் இன்னும் கிளம்பவே இல்லையே, பார்க்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்த நாற்காலியில் கணக்கம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வெளியில வெயில் வந்துடுச்சா?"

"இன்னும் விடியவே இல்லையே மேடம்."

"சூடு ஏறிக்கிட்டே போகுது. ஈரமும் ஏறுது. யாருக்கோ காய்ச்சல் பாக்குற மாதிரி இருக்கு."

எழுந்து வெளியே வந்தார். முற்றத்தில் என் மாப்பிள்ளை ஒரு கையில் பலூன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி.

"சார், என்ன பண்றீங்க?"

"பர்மிஷனுக்குக் காத்திருக்கேன் மேடம்."

"அது தெரியுது. பெட்டியை ஏன் கட்டிப்பிடிச்சிருக்கீங்க?"

"கொக்கியிலயே விட்டா காக்கா விரலைக் கொத்திடும் மேடம். ஒரு தடவை கொத்திடுச்சு."

"இருட்டுல காக்கா எங்கேர்ந்து வருது?"

அவர் இருட்டை அண்ணாந்து பார்த்தார். அதற்குள் அனுமதி வந்துவிட்டது. பழக்க தோஷம், பெட்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கையை விட்டார். பலூன் ஏறிப் போய்விட்டது.

"இப்ப என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

"போய்ட்டு வா கண்ணுன்னு சொல்வாரு மேடம்" என்றார் மீசைக்காரர். "தினமும் சொல்வாரு. நான் லீவுல ஊருக்குப் போறப்ப ஒரு தடவை சொன்னதில்லை."

கணக்கம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டதாம். அப்புறம் விளக்கினார். விடியற்காலையில் தரைக் காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்கும். இந்த மனிதரின் நெஞ்சுச் சூடும் மூச்சின் ஈரமும் அந்த விரலில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச உயரம் போகும்வரை அது விரலைவிட்டுப் போகாது. மாடலோ அதைத் தரைக் காற்று என்று நம்பி, கீழே ஒரே சூடு, ஒரே ஈரம், இன்றைக்கு எல்லாம் புரளப் போகிறது என்று கணக்குப் போட்டுவிடும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் நாளாக இருந்தால் அந்தக் கொஞ்சச் சூடு போதும்.

"சார், உங்க மூச்சை வச்சு அது ஒரு இடிமழையே கட்டியிருக்கு" என்றாராம்.

முன்பெல்லாம் கிளம்புகிற நிமிடத்தில்தான் பெட்டியைக் கையில் எடுப்பாராம். பலூனை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வந்த பிறகுதான், எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று முன்கூட்டியே எடுத்து அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பயம் ஏற ஏறப் பிடியும் இறுகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து காது சிவக்கச் சொன்னார். மகள் சிரித்து முடித்துவிட்டு, "என்னைக்காவது என்னை இப்படிப் பிடிச்சு வழியனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டாள். அணைத்துப் பிடித்தது தப்பு என்று கணக்கம்மா, மீசைக்காரர், என் மகள் மூன்று பேரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடையக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்தால் மனிதன் அணைக்கத்தான் செய்வான். வேண்டுமானால் அணைத்தாலும் சூடேறாத விரலைச் செய்துகொள்ளட்டும்.

மறுநாளிலிருந்து பெட்டியை நீளக் கம்பு ஒன்றின் நுனியில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார். ஆனால் கணக்கம்மா கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "போன நாட்களை நான் அழிக்க முடியாது சார். அதுவும் கணக்குல இருக்கும். மிச்சம் இருக்கிற மழைக்காலம்தான் உங்க கையில."

மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. பொய் இடி நின்றுவிட்டது. அது நல்லது. ஆனால் பலூனோடும் பலூன் இல்லாமலும் மாடல் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தது. அது நல்லதில்லை. ஒரே பதில் என்றால் பலூன் எதற்கு? மாப்பிள்ளைக்கு மறுபடி சோறு இறங்கவில்லை.

அப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் இரண்டு பதிலும் பிரிந்தன. பலூன் இல்லாத மாடல், ஒன்றும் இல்லை, நல்ல வெயில் என்றது. பலூனோடு ஓட்டியது, மத்தியானத்துக்கு மேல் பெரிய இடிமழை என்றது. இவர் நிலையத்திலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சலவைக்கடைக்காரர் மாடியிலிருந்து கத்தினார்.

"பலூன்காரரே, விரிப்பைக் காயப்போடலாமா வேண்டாமா?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்றைக்கும் பொய் என்றால் கதை முடிந்தது. பெட்டி கம்பில்தான் இருந்ததா, தன் மூச்சு அதில் பட்டதா என்று மீசைக்காரரை ஏற்கெனவே பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறார். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சொன்னார்:

"போடாதீங்க!"

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் எதிர் மாடியைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தாள். இவர் வெளியே வரவே இல்லை, உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெயில் தாழும் நேரம், மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே பொங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது உயர்ந்துகொண்டே போகிறது. பிறகு ஒரு குளிர்ந்த காற்று ஜன்னல்களை அடித்துச் சாத்தியது. அதற்குப் பின்னாலேயே இடி.

"எந்திரிங்க! வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று மகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கொட்டிய கொட்டில் எதிர் வீடு தெரியவில்லை. எதிர் மாடியில் மட்டும் ஒரு உருவம் குய்யோ முறையோ என்று விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

"போடாதீங்கன்னு சொன்னேனே!" என்று இவர் மழைக்குள் கத்தினார்.

"பாதிதான் நம்பினேன்!" என்று பதில் வந்தது. "பாதிதான் போட்டேன்!"

மழைக்காலம் முடிந்ததும் கணக்கம்மா போன் செய்தார். நானும் மகளும் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நின்றோம். "பெரும்பாலான நாள் உங்க பலூன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான் சார். மறைக்க விரும்பலை" என்றார். இவர் "சரிங்க மேடம்" என்றார். "ஆனா புரளுமா புரளாதான்னு தெரியாம நிக்கிற நாள் சிலது இருக்கு. அன்னைக்குச் சாட்டிலைட்டுக்குத் தரையை ஒட்டின காத்து சரியாத் தெரியறதில்லை, உங்களுக்குத் தெரியுது. அதைக் காலைப் பலூன்தான் சொல்லுது. அதனால காலைல விடறது தொடரும். சாயங்காலம் விடறதை நிறுத்துறோம்."

"காலைல உண்டா மேடம்?"

"உண்டு சார்."

"தினமும்?"

"தினமும்."

போனை வைத்துவிட்டு, ஏதோ கனமானதைத் தூக்கிவந்து இறக்கியவர் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றார். பாதியைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று நான் சண்டைக்கு நிற்கலாம் என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

சாயங்காலப் பலூன் நின்ற முதல் நாள், கை பரபரத்துப்போய் வீட்டுக்குள்ளேயே நடந்தார். பொழுது சாய்ந்தது. பின்பக்க ஜன்னல் வழியாக வெளிச்சம் மஞ்சளாக உள்ளே வந்து, சுவரிலும் அடுக்களை மேடையிலும் என் மகளின் தோளிலும் விழுந்தது. அவர் நடையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

"இந்த நேரத்துல நம்ம வீடு இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கு" என்றாள் மகள். "வெளிச்சத்தைப் பாத்தாச்சுன்னா அந்த ஜன்னல் கம்பியில இருக்கிற தூசியையும் கொஞ்சம் பாருங்க." சொல்லிக்கொண்டே ஈரத்துணியை அவர் கையில் கொடுத்தாள். அவரும் ஒவ்வொரு கம்பியாக, மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். இருட்டுகிறவரைக்கும் துடைத்தார்.